வண்டூர்க் கடற்பூங்காவில் ஒரு பகற்பொழுது

2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், தெற்கு அந்தமானின் மேற்குக் கரையில் வண்டூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1921-ஆம் ஆண்டின் மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின்னர் தண்டனை பெற்று இத்தீவுக்கு அனுப்பப்பட்ட மலபார் மக்கள் தம் ஊர்ப் பெயர்களையும் உடன் கொண்டு வந்தனர். இப்பகுதியில் கள்ளிக்கோட்டை, மஞ்சேரி, திரூர் ஆகிய பெயர்களில் கிராமங்கள் இருப்பதன் காரணம் அதுவே. வண்டூரும் அவ்வாறு வந்த பெயர்தான்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1983-ல் இங்கு ஒரு கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. காந்தியடிகளின் பெயரைத் தாங்கியுள்ள இப்பூங்காவின் பரப்பு 281.5 சதுர கிலோமீட்டர். 15 தீவுகளும் அவற்றிடையே உள்ள கடலும் இதில் அடங்கும். இவற்றுள் பொதுமக்கள் படகில் சென்று காணக்கூடியவை இரண்டே. நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை ஜாலி பாய், எஞ்சிய மாதங்களில் ரெட் ஸ்கின். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது ஓய்வு கொள்கிறது. உழவர் நிலத்தைத் தரிசாக விடுவதைப் போன்ற ஏற்பாடு இது எனலாம்.

காலையில் வண்டூர்ப் படகுத்துறையில் முதலில் நடைபெறுவது சோதனை. பிளாஸ்டிக் பைகளுக்கும் பொட்டலங்களுக்கும் அனுமதி இல்லை. தண்ணீர் பாட்டில் கொண்டு செல்வோர் முன்பணம் செலுத்த வேண்டும். மாலையில் அதே பாட்டிலைக் காட்டினால்தான் பணம் திரும்பக் கிடைக்கும். அறிவிப்புப் பலகைகள் எத்தனை வைத்தாலும் நிகழாததை இச்சிறு தொகை நிகழ்த்திவிடுகிறது. ஜாலி பாய் என்ற பெயரைக் கேட்டுக் கேளிக்கைகளை எதிர்பார்த்து வருபவர் ஏமாற்றமடைவர். அங்கு உணவு விடுதி கிடையாது. இரவு தங்கவும் இயலாது.

படகு முதலில் அலையாத்திக் காடுகளின் ஓரமாகச் செல்கிறது. இக்காடுகளின் வேர்கள் நிலத்திலிருந்து வரும் சேற்றைப் பிடித்து நிறுத்துவதால்தான் அப்பால் உள்ள பவளத்திட்டுகளுக்குத் தெளிந்த நீர் கிட்டுகிறது. உவர்நீர் முதலைகள் வாழும் லோகாபாரக் சரணாலயம் அருகிலேயே உள்ளது. எனவே வண்டூர்க் கரையில் குளிக்க விரும்புவோருக்கு விடுக்கப்படும் எச்சரிக்கையை விளையாட்டாகக் கொள்ளலாகாது. ஒரு மணி நேர அளவில் தீவு தென்படுகிறது. பெரிய படகு கரையை நெருங்குவதில்லை. பயணிகள் அடிப்பாகத்தில் கண்ணாடி பதித்த சிறு படகுகளுக்கு மாற்றப்படுகின்றனர்.

அக்கண்ணாடியின் வழியே காண்பது கல்லும் அன்று, செடியும் அன்று. பவளம் என்பது குண்டூசித் தலையளவே உள்ள எண்ணற்ற உயிர்கள் சுண்ணாம்பினால் கட்டிக்கொண்ட குடியிருப்பு. இவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்திற்கு அளிக்கிறது. பவளம் அதற்கு இடம் தருகிறது. பவளத்தின் நிறத்தில் பெரும்பகுதி இப்பாசியால் வருவதே. உருண்டை வடிவப் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்கிறது. எனவே ஒருவர் கவனமின்றிக் கால் ஊன்றி உடைப்பது பல்லாண்டுக் கட்டுமானத்தை. சங்கு, சிப்பி பொறுக்குவதற்கும் தடை உண்டு. வெற்றுச் சங்கும் துறவி நண்டுக்கு வீடாகும்.

பாதுகாப்பு இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்குத் தமிழகமே சான்று. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்கா 1986-ல் அமைக்கப்பட்டது. தூத்துக்குடிப் பக்கத்தில் சுண்ணாம்புக்காகப் பவளம் நெடுங்காலம் வெட்டியெடுக்கப்பட்டது. அரண் இழந்த தீவுகளை அலை அரித்தது. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன.

வேலிக்கு அடங்காத இடர்கள்

எனினும் சோதனைச் சாவடியால் தடுக்க இயலாதவையும் உள்ளன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் கரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வயல்களில் கடல்நீர் புகுந்து நின்றது. வடக்கு அந்தமானிலோ நிலம் மேலெழும்பி, பவளத்திட்டுகள் வெயிலில் காய்ந்து மடிந்தன. அது நிலத்தின் செயல்.

கடல் வெப்பமடைவது வேறு வகை. வழக்கமான கோடை வெப்பத்தைக் காட்டிலும் ஓரிரு டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் குடியேறும். தணியாவிடில் பவளம் பட்டினியால் மடியும். அந்தமான் கடலில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இத்தகைய வெளுப்பு ஏற்பட்டது. 2010-ல் பாதிப்பு மிகக் கடுமையாக இருந்தது.

இதனால் தீவை மாற்றித் திறக்கும் முறையும் பாட்டில் முன்பணமும் வீண் என்று கருதிவிடக் கூடாது. மிதிபடாமலும் குப்பை சேராமலும் சேறு படியாமலும் இருக்கும் திட்டு, வெளுப்பிலிருந்து மீள்வதற்கு வாய்ப்பு அதிகம். படகோட்டிகளும் வண்டூர்க் கடைக்காரர்களும் நம்பியிருப்பதும் இத்திட்டையே. கண்ணாடியின் கீழே நிறம் போய்விட்டால் அவர்கள் துறைக்கும் பயணிகள் வரமாட்டார்கள்.

பிற்பகலில் படகுகள் திரும்புகின்றன. மே மாத நடுவில், தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும் வேளையில், ஜாலி பாய்க்குச் செல்லும் படகுகள் நின்றுவிடும். அதன்பின் நவம்பர் வரை அத்தீவில் பயணிகளின் காலடி படுவதில்லை.