ஏழெழுத்துப் பெயருக்குப் பதின்மூன்று கேள்விக்குறிகள்: ஜாவா நிரலில் குறியாக்கப் பிழையும் த்ரெட் பிழையும்

வருமானச் சான்றிதழ் ஒன்று அச்சாகி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முத்திரை, வரிசை எண், தேதி எல்லாம் சரி. விண்ணப்பதாரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கேள்விக்குறிகள். எண்ணிப் பார்த்தால் பதின்மூன்று. விண்ணப்பித்தவர் பெயரோ முத்துலட்சுமி. நம் கணக்குப்படி ஏழே எழுத்து. அப்புறம் பதின்மூன்று எங்கிருந்து வந்தது?

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டாலே பாதிப் பிழை பிடிபட்டுவிடும். யூனிகோடில் 'மு' ஒரு எழுத்து அல்ல. 'ம' என்று ஒன்று, உகரக் குறி என்று ஒன்று. 'த்' என்பதும் அப்படித்தான்: 'த' தனி, புள்ளி தனி. முத்துலட்சுமியைப் பிரித்தால் பதின்மூன்று குறிகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி விழுந்திருக்கிறது என்றால், ஜாவா நிரல் அந்தப் பெயரை நினைவகத்தில் சரியாகத்தான் வைத்திருந்திருக்கிறது. வெளியே எழுதும்போது, தமிழே இல்லாத ஒரு குறியாக்கத்தில் எழுதியிருக்கிறது. தரவுத்தளத்தைச் சந்தேகப்படும் முன் எழுதும் இடத்தைப் பாருங்க.

துறைக்காக ஜாவாவில் நிரல் எழுதுபவர்களுக்கும், அதைச் சோதித்து வாங்கிக்கொள்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை. சான்றிதழைக் கையில் கொடுக்கும் இ-சேவை மையத்தில் இருப்பவர்களும் அடுத்த பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்க. திரையில் என்ன தெரிந்தது என்று நீங்கள் சரியாகச் சொன்னால், நிரலாளருக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.

கெட்டுப்போன எழுத்து நான்கு விதம்

வெறும் கேள்விக்குறி என்றால் மேலே சொன்னதுதான். எழுதும்போதே எழுத்து தொலைந்துவிட்டது. அந்தக் கோப்பிலிருந்து அதை மீட்கவே முடியாது.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பெரும்பாலும் தகவலுக்குச் சேதம் இல்லை. அந்தக் கணினியிலோ பிடிஎஃப் கோப்பிலோ தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான்.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால், படிக்கும் பக்கம் பிழை. வந்த பைட்டுகள் ஒழுங்கான யூடிஎஃப்-8 ஆக இல்லை, அல்லது நடுவில் வெட்டுப்பட்டிருக்கின்றன.

நான்காவதுதான் சுவாரசியமானது. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ' எழுத்து, பக்கத்திலேயே வட்டத்துக்குள் 'ஆர்' என்ற பதிவுக்குறி, இந்த ஜோடி திரும்பத் திரும்ப வரும். பார்த்தவுடன் சொல்லிவிடலாம்: யூடிஎஃப்-8 ஆக எழுதிய தமிழை யாரோ மேற்கு ஐரோப்பியக் குறியாக்கமாகப் படித்திருக்கிறார்கள். தமிழின் ஒவ்வொரு குறியும் யூடிஎஃப்-8-இல் 3 பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது, இரண்டே விதம். அதனால்தான் இந்த ஜோடி ஓயாமல் கண்ணில் படுகிறது.

பகலில் சரி, இரவில் தப்பு

'என் கணினியில் நன்றாகத்தானே வந்தது?' என்ற பேச்சு குறியாக்கப் பிழைகளில்தான் அதிகம் கேட்கும். காரணம், ஜாவாவின் இயல்பு குறியாக்கம்.

ஒரு சரத்தை பைட்டாக மாற்ற 'கெட்பைட்ஸ்' என்று வெறுமனே அழைத்தால், அல்லது 'ஃபைல்ரைட்டர்', 'ஃபைல்ரீடர்' வகுப்புகளைக் குறியாக்கம் சொல்லாமல் பயன்படுத்தினால், ஜாவா தன்பாட்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஜாவா 17 வரை அந்தத் தேர்வு இயங்குதளத்தைப் பொறுத்தது. விண்டோஸ் கணினிகளில் வழக்கமாக விண்டோஸ்-1252. லினக்ஸில் 'லாங்' போன்ற சூழல் மாறிகள் சொல்வதுதான். அந்த மாறிகளே இல்லாவிட்டால் வெறும் ஆஸ்கி.

இதுல ஒரு பொறி இருக்கு. நீங்கள் சர்வரில் உள்நுழைந்து நிரலைக் கையால் ஓட்டும்போது உங்கள் சூழல் மாறிகள் இருக்கும். தமிழ் ஒழுங்காக வரும். அதே நிரலை இரவு 2 மணிக்கு 'கிரான்' ஓட்டும்போது அந்த மாறிகள் பெரும்பாலும் இருக்காது. பகலில் அச்சடித்த சான்றிதழ் சரி, இரவில் தொகுதியாகத் தயாரானது முழுக்கக் கேள்விக்குறி. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை!

2022 மார்ச்சில் வந்த ஜாவா 18 இதற்கு முடிவு கட்டியது; அதிலிருந்து எந்த இயங்குதளத்திலும் இயல்பு யூடிஎஃப்-8. ஆனால் ஜாவா 8, 11, 17 பதிப்புகளில் ஓடும் நிரல்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 'ஃபைல்.என்கோடிங்' என்று தொடக்கக் கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்த்துச் சமாளிப்பது பலருக்கும் பழக்கம். அவசரத்துக்குச் சரி. சர்வர் மாறும்போது அந்த ஒரு சொல்லை யாராவது மறந்துவிட்டால் பழைய கதைதான். குறியாக்கம் நிரலுக்குள்ளேயே, ஒவ்வொரு அழைப்பிலும் வெளிப்படையாக இருக்க வேண்டும்.

பெயரைச் சொல்லித் தேடும்போது

வெளிப்படையாகச் சொல்ல இரண்டு வழி. ஒன்று, 'சார்செட்.ஃபார்நேம்' என்ற செயல்கூறுக்குப் பெயரைக் கொடுத்துத் தேடுவது. இன்னொன்று, ஜாவா 7 முதல் இருக்கும் 'ஸ்டாண்டர்டுசார்செட்ஸ்' வகுப்பின் மாறிலியை எடுத்துக்கொள்வது. யூடிஎஃப்-8 தான் வேண்டும் என்று தெரிந்துவிட்டால் இரண்டாவதையே எடுங்க. தேடலும் இல்லை, எழுத்துப்பிழைக்கு இடமும் இல்லை.

பெயர் எங்கே தப்பும் என்கிறீர்களா? அமைப்புக் கோப்பில் ஒருவர் இடைக்கோட்டுக்குப் பதில் அடிக்கோடு போட்டு யூடிஎஃப்_8 என்று எழுதிவிடுவார். ஜாவாவுக்கு யூடிஎஃப்_16 தெரியும், யூடிஎஃப்_8 தெரியாது. மாற்றுப்பெயர்ப் பட்டியல் அப்படி அமைந்துவிட்டது! அல்லது பெயரின் கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் தப்புக்கு 'ஆதரிக்காத குறியாக்கம்' என்ற விதிவிலக்கு, இரண்டாவதற்கு 'சட்டத்துக்குப் புறம்பான பெயர்' என்ற விதிவிலக்கு எழும்.

எழுந்தால் நல்லதுதான். அதை ஒரு 'கேட்ச்' போட்டுப் பிடித்து, சத்தமில்லாமல் இயல்பு குறியாக்கத்துக்குப் போய்விடும் நிரல்தான் ஆபத்து. சேவை நிற்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் அப்படி எழுதுகிறார்கள். சேவை நிற்காது, கேள்விக்குறிகளை அச்சடித்துக்கொண்டே இருக்கும். என்னைக் கேட்டால், குறியாக்கப் பெயர் தவறாக இருந்தால் நிரல் தொடங்கும்போதே நின்றுவிட வேண்டும். காலை 9 மணிக்கு ஒரு நிரலாளருக்குத் தொலைபேசி போகும். ஆயிரம் பேர் மறுபடி வரிசையில் நிற்பதைவிட அது மேல்.

தேடலில் வேகமும் ஒரு சங்கதி. ஜாவா 8-இல் 'சார்செட்' வகுப்பு, கடைசியாகக் கேட்ட இரண்டு பெயர்களைத்தான் கையோடு வைத்திருக்கும். மூன்று நான்கு பெயர்களை மாற்றி மாற்றிக் கேட்டால், ஒவ்வொரு முறையும் பூட்டுப் போட்ட ஒரு பட்டியலுக்குள் போய்த் தேட வேண்டும். நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால் எல்லாம் அந்தப் பூட்டின் முன் வரிசை கட்டும். இல்லாத பெயரைக் கேட்பது இன்னும் மோசம்: 'இல்லை' என்ற பதிலை ஜாவா நினைவில் வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு தடவையும் முழுத் தேடல். ஒருமுறை தேடி 'ஸ்டேடிக் ஃபைனல்' மாறிலியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

பழைய கோப்புகள் பற்றியும் ஒரு சொல். வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்களுக்கு 'சார்செட்.ஃபார்நேம்' உதவாது. பாமினியில் நீங்கள் பார்க்கும் 'அ', கோப்பின் உள்ளே ஆங்கில 'எம்' எழுத்துதான்; எழுத்துரு அதற்கு 'அ' வேஷம் போடுகிறது. அது குறியாக்கத் தேடல் அல்ல, தனி மாற்று அட்டவணை வேலை. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் தரமாக அறிவித்துவிட்டது என்றாலும், அதற்கு முந்தைய கோப்புகள் அலமாரியிலிருந்து வந்துகொண்டுதான் இருக்கும்.

1024-க்கும் 3-க்கும் ஒத்துவராது

குறியாக்கத்தைச் சரியாகச் சொல்லியும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வைரக் குறி வருகிறதா? கோப்பை 1024 பைட் துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகச் சரமாக மாற்றுகிறீர்களா என்று பாருங்க. 1024-ஐ 3-ஆல் வகுத்தால் 1 மீதி. முழுக்கத் தமிழாக இருக்கும் கோப்பில், முதல் துண்டின் கடைசியில் ஒரு எழுத்தின் முதல் பைட் மாட்டிக்கொள்ளும். மற்ற இரண்டும் அடுத்த துண்டின் தலையில். இரண்டு பக்கமும் உடைந்த எழுத்து. ஆங்கிலத் தரவில் சோதித்தால் இந்தப் பிழை வரவே வராது, அதில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட். 'இன்புட்ஸ்ட்ரீம்ரீடர்' வகுப்புக்குக் குறியாக்கத்தைச் சொல்லி அதன் வழியாகப் படித்தால், துண்டு எங்கே முடிந்தாலும் அதுவே ஒட்டவைத்துக்கொள்ளும்.

ஒருவர் பிறந்த தேதி இன்னொருவர் சான்றிதழில்

எழுத்து கெட்டால் கண்ணுக்குத் தெரியும், கவுன்ட்டரிலேயே பிடித்துவிடலாம். இனி சொல்லப்போவது கண்ணுக்குத் தெரியாது. அதான் கூடுதல் பயம்.

இணையச் சேவையில் ஒரே நிரலைப் பல த்ரெட்டுகள் ஒரே சமயத்தில் ஓட்டுகின்றன. ஆளுக்கு ஒரு த்ரெட், நிரல் ஒன்று. அந்த நிரலில் 'சிம்பிள்டேட்ஃபார்மேட்' என்ற தேதி வடிவமைப்பி ஒன்றை 'ஸ்டேடிக்' மாறியாக வைத்து எல்லாரும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று வையுங்க. அந்த வகுப்பின் வயிற்றுக்குள் ஒரே ஒரு நாள்காட்டிப் பொருள்தான் இருக்கிறது. ஒரு த்ரெட் 14-03-1987 என்று நாளை எழுதி, படித்து முடிக்கும் முன்பே இன்னொரு த்ரெட் அதே நாள்காட்டியில் 02-11-2001 என்று எழுதிவிடும். முதல் ஆள் 2001-இல் பிறந்தவராகிவிடலாம். விதிவிலக்கு இல்லை, பதிவேட்டில் பிழைச்செய்தி இல்லை. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவரின் வயது இப்படி மாறினால், 'தகுதியில்லை' என்ற பதில்தான் அவருக்குப் போகும். ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜாவா 8-இல் வந்த 'டேட்டைம்ஃபார்மேட்டர்' இந்த வேலைக்கானது. உருவாக்கிய பின் மாறாத பொருள். எத்தனை த்ரெட் வேண்டுமானாலும் பகிரலாம். பழைய வகுப்பைச் சுற்றி 'சின்க்ரனைஸ்டு' பூட்டுப் போடுவதைவிட இதற்கு மாறிவிடுவதே நல்லது.

குறியாக்கத்திலும் இதே வேறுபாடு உண்டு, பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். 'சார்செட்' பொருளைப் பகிரலாம், பாதுகாப்பானது. அதிலிருந்து பிறக்கும் 'சார்செட்என்கோடர்', 'சார்செட்டிகோடர்' இரண்டையும் பகிரக் கூடாது. பாதியில் நிற்கும் வேலையின் நிலையை அவை தமக்குள் வைத்திருக்கும். இரண்டு த்ரெட் ஒன்றாகக் கைவைத்தால், அதிர்ஷ்டம் இருந்தால் விதிவிலக்கு எழும். இல்லையென்றால் சிதைந்த வெளியீடு. தேவைப்படும்போது புதிதாக ஒன்று உருவாக்குங்க, செலவு அதிகமில்லை.

சர்வ்லெட் வகுப்பில் விண்ணப்பதாரர் பெயரை வகுப்பு மாறியாக வைப்பதும் இதே சாதிப் பிழை. ஒரு சர்வ்லெட்டுக்கு ஒரு பொருள்தான். வருகிற கோரிக்கை எல்லாம் அதையே பகிர்கின்றன. பெயர் செயல்கூறுக்குள் உள்ளூர் மாறியாக இருந்தால் போதும்.

சிலர் குறியாக்கத் தேடலை வேகப்படுத்தத் தாங்களே ஒரு 'ஹேஷ்மேப்' வைத்து, 'இருக்கிறதா? இல்லையென்றால் போடு' என்று எழுதுவார்கள். கேட்பதற்கும் போடுவதற்கும் நடுவில் இன்னொரு த்ரெட் நுழைந்துவிடும். ஜாவா 7 வரை, ஒரே நேரத்தில் இருவர் ஹேஷ்மேப்பை விரிவாக்கினால் முடிவில்லாச் சுழற்சியில் சிக்கி சிபியு 100 சதவீதத்தில் நிற்கவும் வாய்ப்பு இருந்தது. 'கன்கரண்ட்ஹேஷ்மேப்' எடுத்து அதன் 'கம்ப்யூட்இஃப்ஆப்சென்ட்' செயல்கூறைப் பயன்படுத்துங்க.

இந்தப் பிழைகளை ஒரே ஆள் திரையில் சொடுக்கிச் சோதித்தால் பிடிக்க முடியாது. ஐம்பது த்ரெட், ஆளுக்கு வேறு வேறு பெயர், வேறு பிறந்த தேதி, ஆயிரக்கணக்கான முறை. கொடுத்ததும் வந்ததும் ஒன்றா என்று ஒப்பிடும் சோதனை வேண்டும். பெயர்களில் முத்துலட்சுமியும் ஐயப்பனும் ஏகாம்பரமும் இருக்கட்டும். ஏன் என்று அடுத்து தெரியும்.

ஏற்கெனவே கெட்டுப்போன பதிவுகள்

நிரலைத் திருத்திவிட்டீர்கள். தரவுத்தளத்தில் கிடக்கும் பழைய பதிவுகள்?

பதிவுக்குறி ஜோடி தெரியும் பதிவுகளில் நம்பிக்கை உண்டு. ஐஎஸ்ஓ-8859-1 ஆகத் தவறாகப் படித்திருந்தால், அதே குறியாக்கத்தில் பைட்டாகத் திருப்பி, யூடிஎஃப்-8 ஆக மறுபடி படித்தால் முழுப் பெயரும் அப்படியே திரும்ப வரும். விண்டோஸ்-1252 ஆகப் படித்திருந்தால் சிக்கல். அந்தக் குறியாக்கத்தில் ஐந்து பைட் மதிப்புகளுக்கு எழுத்தே இல்லை. ஜாவா அவற்றை வைரக் குறியாக்கிவிடும். அந்த ஐந்தில் மாட்டுபவை யார் தெரியுமா? புள்ளி, உகரக் குறி, 'ஏ', 'ஐ'. தமிழில் புள்ளியும் உகரமும் இல்லாத பெயர் அரிது. மிச்சமிருக்கும் பைட்டுகளை வைத்து 'இந்த இடத்தில் புள்ளியோ உகரமோ இருந்தது' என்பது வரை சொல்லலாம், எது என்று நிரலால் முடிவு செய்ய முடியாது. 'முத்து' என்பதை மனிதர் ஊகித்துவிடுவார். ஆனால் சான்றிதழில் ஊகத்துக்கு இடமில்லை. அசல் விண்ணப்பத்தையோ இணைத்த ஆவணத்தையோ பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

கேள்விக்குறியான பதிவுகளுக்கும் அதே வழிதான். இந்தத் திருத்தத்தைத் துறையே தன் பொறுப்பில் செய்ய வேண்டும், விண்ணப்பதாரரைப் புது விண்ணப்பம் போடச் சொல்லி அனுப்பக் கூடாது. எத்தனை பதிவுகள் என்று தெரிய, பெயர்ப் புலத்தில் கேள்விக்குறியோ வைரக் குறியோ உள்ள வரிசைகளை எண்ணும் ஒரு வினவலை இன்றே ஓட்டிப் பாருங்க. தேதி வாரியாகப் பிரித்தால், எந்த இரவிலிருந்து தொடங்கியது என்பதும் தெரிந்துவிடும்.