இலவசமாக வந்த போர்க்கப்பல்

ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா நமக்கு இலவசமாக வந்த கப்பல் என்றால் நம்புவீர்களா? 2004 ஒப்பந்தப்படி, ரஷ்யாவின் பழைய 'அட்மிரல் கோர்ஷ்கோவ்' சும்மாவே கிடைத்தது. அதைப் புதுப்பித்து விமானந்தாங்கியாக மாற்றும் செலவுதான் நம்முடையது: 97.4 கோடி டாலர். 2008-இல் வர வேண்டிய கப்பல் 2013 நவம்பரில்தான் கடற்படையில் சேர்ந்தது. அதற்குள் தொகை சுமார் 235 கோடி டாலராகிவிட்டது.

கோவை நூற்பாலைகளில் முதலீட்டுக் கணக்கு பார்த்தே தலை நரைத்தவன் நான். செகண்ட் ஹேண்ட் மெஷினுக்கு ஃபைல் வந்தால் விலையைக் கடைசியில்தான் பார்ப்பேன். கரண்ட் எவ்வளவு இழுக்கும், ஸ்பேர் கிடைக்குமா, எத்தனை வருஷம் ஓடும், காயலான் கடையில் என்ன தேறும் என்பதெல்லாம் முதலில். பிறகு ஒவ்வொரு வருஷத்து வரவு செலவையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். எட்டு சதவீத வட்டியில், ஐந்து வருஷம் கழித்து வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 68 ரூபாய்தான். எல்லாம் போக மிச்சம் நின்றால் வாங்கலாம்.

ராணுவத்தில் இந்தக் கணக்கு முதல் வரியிலேயே முட்டும். வராமல் போன போருக்கு வரவு எவ்வளவு என்று எழுதுவது? அதனால் லாபத்தை விட்டுவிட்டு, ஒரே வேலையைச் செய்ய எதற்கு ஆயுள் முழுக்கக் குறைந்த செலவு என்று கேட்கிறார்கள். 126 போர் விமான டெண்டரில், 2012-இல் டைஃபூனை விட ரஃபேல் மலிவு என்று நம் அரசு முடிவு செய்தது, பராமரிப்புச் செலவையும் சேர்த்துப் பார்த்துத்தான்.

கோர்ஷ்கோவ் எங்கே சறுக்கியது? முழுதாகப் பிரித்துப் பார்க்கும் முன்பே தொகை எழுதப்பட்டது. பிரித்த பிறகு, கேபிள் மட்டுமே சுமார் 2,300 கிலோமீட்டர் புதிதாக இழுக்க வேண்டியிருந்தது. ரஷ்யா கூடுதல் பணம் கேட்டது. 'இவ்வளவு போட்டாச்சே' என்பது அங்கே காரணமாகக்கூடாது. போன பணம் போனதுதான். இனி போடும் பணத்துக்கு, அதே காலத்துக்குள், வேறு கப்பல் கிடைக்குமா என்பதே கேள்வி. கையில் இருந்த விமானந்தாங்கியான ஐ.என்.எஸ். விராட்டுக்கோ வயதாகிவிட்டது. கொச்சியில் கட்டிய சொந்தக் கப்பல் 2022-இல்தான் சேர்ந்தது. ஆக, மேலும் பணம் கொடுத்ததில் நியாயம் உண்டு. தவறு, 2004-இல் விலையை நம்பிக் கையெழுத்துப் போட்டதில்.

பட்ஜெட்டில் நம் கண்ணில் படுவது அந்த வருஷத் தவணை மட்டுமே. ஆயுள் செலவையும், அது எவ்வளவு ஏறக்கூடும் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே நாடாளுமன்றத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். கப்பல் தேவையா என்பதைக் கணக்குப்பிள்ளை சொல்ல முடியாது. இலவசம் என்று வருவதன் முழு விலையை அவனால் சொல்ல முடியும்.