நாளுக்கு ஒரு செய்தி: ஆங்கிலம் கற்போருக்கு



ஆங்கிலம் கற்க வேண்டும் என்ற ஆசை இல்லாத வீடு தோட்டப்புறத்தில் அரிது. புத்தகம் வாங்கினோம், முதல் பத்துப் பாடம் படித்தோம், அப்புறம் வேலைக் களைப்பில் அது பெட்டிக்கு அடியில் போய்விட்டது என்று சொல்வோரே மிகுதி. அந்தப் பாடநூல்களில் வரும் வாக்கியங்களைப் பாருங்கள். லண்டனில் ரயில் ஏறுவார்கள். ஹோட்டலில் அறை கேட்பார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை பால் வெட்டிவிட்டு வருகிறவருக்கு அந்த ரயிலில் என்ன வேலை? நானும் வயது வந்த பிறகு ஆங்கிலம் கற்கத் தொடங்கியவன். எனக்கு அம்மொழி பிடிபட்டது செய்தித்தாளால்தான். அந்த வழியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

நமக்கு ஆங்கிலமே தெரியாது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். 'பெரட்டு' என்பதே 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான். செக்ரோல், டிவிஷன், டிரெசர், ஓவர்டைம் இவையெல்லாம் நம் பாட்டன் பாட்டிமார் வாயிலே போட்டு மென்று தமிழோடு சேர்த்துக்கொண்ட சொற்கள். பால் வெட்டுவதை 'டாப்பிங்' என்கிறார்கள். வீட்டில் தண்ணீர் பிடிக்கும் குழாயும் 'டாப்' தான். பீப்பாயிலிருந்து பானம் இறக்குவதற்குச் செருகும் அடைப்பானுக்குப் பெயராக இருந்த சொல், பிறகு நீர் இறங்கும் குழாய்க்கும், மரத்திலிருந்து பால் இறக்கும் தொழிலுக்கும் ஆயிற்று. இப்படித் தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத சொல்லுக்குப் போனால் பயம் குறையும்.

இனி வழியைச் சொல்கிறேன். நாளுக்கு ஒரே ஒரு செய்தி போதும். அதுவும் நீங்கள் வானொலியிலோ தமிழ்த்தாளிலோ மலாய்த்தாளிலோ ஏற்கெனவே அறிந்த செய்தியாக இருக்க வேண்டும். கதை தெரிந்துவிட்டால் சொல் தானே வந்து நிற்கும். கதையும் தெரியாது, சொல்லும் தெரியாது என்றால் இருட்டில் ஊசி தேடுவது போலாகிவிடும். அதனால்தான் தமிழில் செய்தி வாசிக்கும் பழக்கம் உள்ளவருக்கே ஆங்கிலத் தாள் விரைவில் வசப்படும் என்று நான் கருதுகிறேன். 1924 முதல் 2019 வரை இந்நாட்டில் வெளிவந்த 'தமிழ் நேசன்' போன்ற ஏடுகள் எத்தனையோ தோட்டங்களில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கும்படி இருந்தன. அந்தப் பழக்கம் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்த மொழித் தாளும் அந்நியமாகத் தோன்றாது.

எந்தச் செய்தியை எடுப்பது? சம்பளத்தைப் பற்றிய செய்தியை எடுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே 1-இல் மாதம் 1,500 வெள்ளி ஆயிற்று. 2025 பிப்ரவரி 1 முதல் அது 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவான ஆட்களை வைத்திருந்த சிறு முதலாளிகளுக்கு அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 வரை தவணை கிடைத்தது. இந்தச் செய்தி ஆங்கிலத் தாளில் வந்தபோது, முதலில் கண்ணில் படுவது 1,700 என்ற எண். எண்ணுக்கு மொழி கிடையாது. அதன் பக்கத்தில் 'மினிமம் வேஜ்' என்று இருக்கும். அதுதான் குறைந்தபட்சச் சம்பளம். அடுத்துத் தேதி இருக்கும். தேதிக்கு முன்னால் 'எஃபெக்டிவ்' என்று இருந்தால், அன்று முதல் நடப்புக்கு வருகிறது என்று பொருள். ஒரு பத்தியிலே மூன்று சொல் கிடைத்துவிட்டது. ஒரு நாளைக்கு அது தாராளம்.

தலைப்பு வரிகளில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலத் தாளின் தலைப்பு, இலக்கணப் புத்தகத்தில் படித்த ஆங்கிலத்தைப் போல இராது. இடம் மிச்சம் பிடிப்பதற்காக 'ஏ', 'த' போன்ற சிறு சொற்களை விட்டுவிடுவார்கள். நேற்று நடந்ததை இன்று நடப்பது போல எழுதுவார்கள். 'மினிமம் வேஜ் டு ரைஸ்' என்று இருந்தால், அந்த 'டு' இனிமேல் நடக்கப் போவதைக் குறிக்கும். சம்பளம் உயரப் போகிறது என்று பொருள். 'வேஜ் மே ரைஸ்' என்று இருந்தாலோ, உயரலாம், உயராமலும் போகலாம். இந்த 'மே' என்ற சிறு சொல்லைக் கவனிக்காமல் கடைக்காரரிடம் கடன் சொல்லிவிட்டவர்களும் உண்டு.

சந்தைப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். கித்தா விலையும் செம்பனை எண்ணெய் விலையும் நம் வீட்டு அடுப்போடு சம்பந்தப்பட்டவை. 2022 பிப்ரவரியில் உக்ரேன் மீது ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியது. சூரியகாந்தி எண்ணெய் அந்தப் பகுதியிலிருந்துதான் உலகுக்கு மிகுதியாகப் போய்க்கொண்டிருந்தது. அது தடைப்பட்டதும் செம்பனை எண்ணெயைத் தேடினார்கள். அடுத்த மாதமே விலை டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியது. எங்கோ நடக்கும் போருக்கும் நம் குலை வெட்டுக்கும் உள்ள தொடர்பை இப்படிப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த சொல் 'ஈஸ்'. மருத்துவர் சொன்னால் வலி தணிந்தது என்று பொருள். 'ரப்பர் பிரைசஸ் ஈஸ்' என்று எழுதினால் விலை சற்று இறங்கியது என்று பொருள். வாங்குகிறவனுக்கு அது தணிவுதான். மரத்தடியில் நிற்கும் நமக்கு எப்படியோ!

படிப்பதோடு எழுதவும் வேண்டும். ஒரு கணக்குப் புத்தகத்தில் தினமும் இரண்டு வரி எழுதினால் போதும். அன்று நடந்ததை எழுதுங்கள். 'டுடே இட் ரெய்ண்ட். வீ டிட் நாட் டாப்.' இன்று மழை பெய்தது, நாங்கள் வெட்டவில்லை. இங்கே ஒரு சங்கடம் வரும். தமிழில் 'மழை பெய்தது' என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் 'இட்' என்று ஒன்றை முன்னால் நிறுத்த வேண்டும். அந்த 'இட்' யார், வானமா, மேகமா என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. அது யாரும் இல்லை. எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது என்பது அவர்கள் மொழியின் வழக்கம். நாமோ 'சாப்பிட்டாயா?' 'சாப்பிட்டேன்' என்று ஆளைச் சொல்லாமலே பேசிவிடுகிறோம். ஆளைப் பற்றிய குறிப்பு வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. இந்த ஒரு வேற்றுமை மனத்தில் பதிந்துவிட்டால் பாதித் தடுமாற்றம் நீங்கிவிடும்.

எழுதியதைப் பள்ளிக்குப் போகும் மகளிடமோ மகனிடமோ காட்டுங்கள். திருத்தட்டும். தகப்பனுக்கும் தாய்க்கும் கற்றுத்தரும் பிள்ளை, தானும் ஒழுங்காகப் படிக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவ்வளவும் பொழுதுபோக்குக்காக மட்டும் சொல்லவில்லை. தோட்டம் கைமாறும்போதும், வீடமைப்புக்கு விற்கப்படும்போதும் நம் கைக்கு ஒரு கடிதம் வரும். அதில் எந்தச் சொல் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பின் பலன் மாறிவிடும்.

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்கீழ், 1980-இல் சில விதிகள் வந்தன. ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்பில் நிறுத்தினால் அவருக்கு நலத்தொகை தர வேண்டும். இரண்டு ஆண்டுக்கும் குறைவாக வேலை செய்தவருக்கு, ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 15 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு 20 நாள். பன்னிரண்டு ஆண்டு வேலை செய்தவருக்கு 240 நாள் சம்பளம் ஆகிறது. ஆனால், தானாக விலகிக்கொண்டவருக்கு இந்தத் தொகை இல்லை. இப்போது இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பாருங்கள். 'டெர்மினேட்' என்றால் முதலாளி வேலையை முடிக்கிறார். 'ரிசைன்' என்றால் தொழிலாளி தானே விலகுகிறார். கடிதத்தின் அடியில் நீங்கள் கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே 'ஐ ரிசைன்' என்று இருந்தால், அந்த 240 நாள் சம்பளத்தை நாளைக்குக் கேட்பது மிகவும் கடினம். கிராணி நல்லவராகவே இருக்கலாம். "ஒன்றுமில்லை, கையெழுத்துப் போடுங்கள்" என்று அவசரத்தில் சொல்லியும் விடலாம். அதனால் அந்த ஒரு சொல்லையாவது நாமே படித்துவிட வேண்டும்.

அதே விதிகளில் இன்னொரு இடம் உண்டு. தோட்டம் வேறொருவர் கைக்குப் போகும்போது, ஏழு நாளுக்குள் புதிய முதலாளி பழைய நிபந்தனைகளுக்கு 'நாட் லெஸ் ஃபேவரபிள்' ஆன நிபந்தனைகளில் வேலை தர முன்வந்து, தொழிலாளி தக்க காரணமின்றி மறுத்தால், நலத்தொகை கிடையாது. 'ஃபேவரபிள்' என்றால் சாதகமானது. 'லெஸ்' என்றால் குறைவு. 'நாட்' என்றால் இல்லை. அதாவது, முன்பு இருந்ததைவிடச் சாதகம் குறையக் கூடாது. அதே அளவாவது இருக்க வேண்டும், கூடுதலாகவும் இருக்கலாம். இரண்டு எதிர்மறைகளை அடுக்கிச் சொல்வது சட்ட ஆங்கிலத்தின் வழக்கம். அவசரமாகப் படிப்பவர் 'நாட்' என்பதை விட்டுவிட்டு, சாதகம் குறைவுதான் போலும் என்று நினைத்துவிடுவார். இத்தகைய இடங்களில் ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்துப் படியுங்கள்.

இன்றைக்குக் கைப்பேசியிலேயே அகராதி இருக்கிறது. படம் பிடித்தால் மொழிபெயர்த்தும் தருகிறது. நல்ல துணைதான். என்றாலும் சட்டக் கடிதத்துக்கு அதை மட்டும் நம்புவது சரியன்று. கையெழுத்துப் போடுமுன் ஒரு படி வாங்கி, தொழிற்சங்கக் கிளையிலோ தொழிலாளர் இலாகாவிலோ காட்டி விசாரியுங்கள். விசாரிக்கப் போகும்போது எந்த வரியில் உங்களுக்கு ஐயம் என்று சுட்டிக்காட்ட முடிந்தால், எதிரே இருப்பவரும் நின்று பதில் சொல்வார்.

இந்த வாரத்துக்கு ஒரு சிறு வேலை. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து, அதில் உள்ள ஆங்கிலச் சொற்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் 'டிடக்ஷன்' என்று ஒரு சொல் இருக்கும். அடுத்த பேச்சை அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.