மல்லாக்கப் படுக்கட்டும்

பச்சைக் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைப்பதா, குப்புறப் படுக்கவைப்பதா? நம் பாட்டிகளுக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றியிருக்காது. மேற்கு நாடுகளில் இதற்குத் தவறான விடை சொல்லப்பட்டதால் பல்லாயிரம் குழந்தைகள் மாண்டன.

அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூல் வீட்டுக்கு வீடு இருந்த காலம் அது. மல்லாந்து கிடக்கும் குழந்தை பாலைக் கக்கினால் புரையேறி மூச்சு அடைத்துவிடும், குப்புறப் போடுங்கள் என்றது அதன் 1958 பதிப்பு. கேட்க நியாயமாக இருந்தது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பால் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கப்போன குழந்தைகள் விடிகையில் உயிரோடு இல்லை. பிரேதப் பரிசோதனையிலும் காரணம் அகப்படவில்லை. 'தொட்டில் மரணம்' என்று பெயர் மட்டும் வைத்தார்கள்.

1987இல் நெதர்லாந்து முதலில் விழித்துக்கொண்டது. நியூசிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு, குப்புறப் படுப்பதையும் தாய் புகைபிடிப்பதையும் குற்றவாளிகளாகக் காட்டியது. 1991இல் பிரிட்டனும் 1994இல் அமெரிக்காவும் 'மல்லாக்கப் படுக்கவையுங்கள்' என்று பிரசாரத்தில் இறங்கின. சில ஆண்டுகளிலேயே பிரிட்டனில் இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே போயின. புது மருந்து இல்லை, கருவி இல்லை. குழந்தையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் இதற்கான சான்று 1970லேயே கையில் இருந்தது என்று ஆய்வாளர் ரூத் கில்பர்ட் குழுவினர் 2005இல் காட்டினார்கள். அன்றே அதைத் திரட்டிப் பார்த்திருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பிழைத்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்த வரியைத் தாண்டி என்னால் எளிதில் போக முடியவில்லை.

புரையேறும் பயத்துக்கு உடலமைப்பே பதில் சொல்கிறது. மூச்சுக்குழல் முன்னால், உணவுக்குழல் அதன் பின்னால். மல்லாந்து படுத்தால் மூச்சுக்குழல் மேலே வந்துவிடும். கக்கிய பால் அதற்குள் போக மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழ். மெத்தையில் முகம் புதைந்த குழந்தை, தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிறது. கரியமில வாயு கூடினால் நாம் திடுக்கிட்டு எழுந்துகொள்வோம். சில குழந்தைகளுக்கு மூளைத்தண்டில் அந்த எழுப்பும் வேலை இன்னும் சரியாக அமைந்திருக்காது. இரண்டு முதல் நான்கு மாதம் வரைதான் ஆபத்து மிகுதி.

ஆகவே மல்லாக்கப் படுக்கவைத்தால் மட்டும் போதாது, முகத்தருகே எதுவும் இருக்கக் கூடாது. தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, இருபுறமும் அணைகொடுக்கும் குட்டித் திண்டுகள், கரடி பொம்மை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கெட்டியான, சமதளமான படுக்கை போதும். தூளியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நானும் அதில் தூங்கியவன்தான். ஆனால் துணி குழிந்து குழந்தையின் முகவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சுவழி குறுகும். ஆட்டித் தூங்கவைத்ததும் எடுத்துச் சமமான இடத்தில் கிடத்துங்கள். ஆறு மாதம் வரையாவது தாயின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்கட்டும். சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயர்வது எல்லாவற்றிலும் ஆபத்தானது.

"குப்புற விழுந்துட்டான்!" என்று வீடே கொண்டாடும் நாள் வந்தபின் என்ன செய்வது? படுக்கவைக்கும்போது மல்லாக்கவே படுக்கவையுங்கள். இரண்டு பக்கமும் தானே புரளத் தெரிந்த குழந்தை தூக்கத்தில் கவிழ்ந்துகொண்டால், அதை எழுப்பித் திருப்ப வேண்டியதில்லை.