கடனாய்ச் சுமக்கும் காலம்

மளிகைக் கடையிற் பற்று வைப்போர், வாங்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் அவ்வப்போதே காசு எண்ணிக் கொடுப்பதில்லை. தொகை கணக்கில் ஏறிக்கொண்டே போகும். மாத முடிவில் ஒருமுறை தீர்ப்பர். கணினிச் சில்லுகளைச் செய்யுமுன் அவற்றின் மாதிரியை மென்பொருளில் இயக்கிப் பார்க்கும் அறிஞர், காலத்தையே இவ்வாறு பற்றெழுதுகின்றனர் என்று கேள்வியுற்றபோது, இலக்கணம் பயிலும் நமக்கும் வியப்பு மேலிட்டது. அதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

சிஸ்டம்-சி என்பது சி-பிளஸ்-பிளஸ் மொழியின்மேற் கட்டப்பட்டு 1999இல் வெளிவந்தது. அதனைச் சார்ந்த டி.எல்.எம். 2.0 என்னும் நெறி 2008இல் தோன்றி, ஐ.இ.இ.இ. 1666 தரநூலின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்ந்தது. கம்பிதோறும் ஏறியிறங்கும் மின்குறிகளை இந்நெறி பின்பற்றுவதில்லை. செயலி நினைவகத்தினின்று ஒன்றைப் படித்தால், அது நிரலில் ஒரே அழைப்பு. அவ்வழைப்போடு தாமதத்தைக் குறிக்கும் ஓர் எண்ணும் செல்லும்.

செயலி தன் கணக்கில் 40 நானோ வினாடி முன்சென்று நினைவகத்தை அழைப்பதாகக் கொள்வோம். படித்தற்கு வேண்டுவது 60. நினைவகம் அங்கேயே காத்து நிற்க வேண்டுவதில்லை. 60ஐக் கூட்டி, 100 எனத் திருப்பினாற் போதும். காத்தலோ விலை மிக்கது: ஒவ்வொரு முறையும் ஆட்சி இயக்க மையத்துக்கு மீண்டு, பிற உறுப்புகளைச் சுற்றி வரவேண்டும். ஆதலின் செயலி 1000 நானோ வினாடி சேருமட்டும் தடையின்றி ஓடி, பத்துப் படிப்புக்கும் சேர்த்து ஒருமுறையே காத்துக் கடன் தீர்க்கின்றது. இவ்வெல்லைக்குக் குவாண்டம் என்று பெயர்.

கூட்டவேண்டிய இடத்தில் ஒருவர் வெறும் 60 என்றெழுதிவிட்டால், முன்னிருந்த 40 அழிந்துபோம். நிரல் ஓடும், படித்த விடையும் சரியே, காலம் மாத்திரம் பொய்க்கும். இதனினும் கண்டுபிடிக்க அரிய பிழை வேறு யாதோ!

கடன் பெருகின் உண்மை குன்றும். 250ஆம் நானோ வினாடியில் டைமர் எழுப்பும் அழைப்பை, 1000 வரை தன்போக்கில் ஓடிவிட்ட செயலி 750 கழித்தே அறியும். இரு செயலிகள் ஒரே நினைவிடத்தில் எழுதுங்கால் கேடு இன்னும் பெரிது. ஒன்று தன் பங்கை முழுதும் ஓடி முடித்த பின்னரே மற்றது தொடங்குமாதலால், மெய்ச்சில்லில் நிகழக்கூடிய மோதல் மாதிரியிலே தோன்றாமலே ஒளிந்துகொள்ளும். சில்லு உருவான பின் அதனைத் திருத்துவது எளிதன்று.

பொதுவழியில் நேரும் நெருக்கடியை அளக்க விரும்புவோர், வேண்டுகோளின் தொடக்கம், அதன் முடிவு, விடையின் தொடக்கம், அதன் முடிவு என ஒரு பரிமாற்றத்தை நான்காகப் பகுக்கும் வேறொரு முறையைக் கையாள்வர். அது நுட்பமானது; மெதுவானது. மென்பொருள் எழுதுவோர்க்குப் பற்றுமுறையே போதும் என்பது நம் கருத்து. ஆயின் குவாண்டத்தை ஒருமுறை பத்திலொன்றாகச் சுருக்கி ஓட்டிப் பார்த்தல் நன்று. அப்போது விடை மாறுமாயின், அந்நிரல் உறுப்புகள் ஓடும் வரிசையை நம்பியே நிற்கின்றது என்க.