அண்ணன் பெயர் காத்த தம்பி

அண்ணன் மறைந்தால் தம்பி என்ன செய்வான்? அழுவான், படத்துக்கு மாலையிடுவான், ஆண்டுக்கொருமுறை நினைவு நாள் கொண்டாடுவான். அத்துடன் கடமை தீர்ந்தது என்று கருதுவோர் பலர். தீரவில்லை, தோழா! அண்ணன் சிந்திய வியர்வைக்கு வேறொருவர் உரிமை கொண்டாட வரும்போது தம்பி என்ன செய்கிறான் என்பதிலேதான் பாசத்தின் எடை தெரியும்.

அந்த எடையைக் காட்டிய தம்பி ஒருவர் அமெரிக்காவிலே இருந்தார். அவர் ஆர்வில் ரைட். அண்ணன் வில்பர் நான்கு வயது மூத்தவர்.

டேட்டன் நகரிலே 1892-ல் சைக்கிள் கடை திறந்தவர்கள் அந்தச் சகோதரர்கள். கல்லூரி வாசலை மிதித்தவர்களல்லர். பட்டம் இல்லை, பணக் குவியல் இல்லை, பக்கபலமாகச் சர்க்கார் இல்லை. இருந்தவை நான்கு கைகள், இரண்டு மூளைகள், ஒரே எண்ணம் — மனிதன் பறக்க வேண்டும்! 1901-ல் தாங்களே காற்றுப் பெட்டி செய்து, ஏறத்தாழ 200 வகைச் சிறகுகளைச் சோதித்தார்கள். எஞ்சினைச் செய்து தந்தவர் யார் தெரியுமா? அவர்கள் கடை மெக்கானிக் சார்லி டெய்லர்!

அதே காலத்தில் ஸ்மித்சோனியன் நிலையத் தலைவர் லாங்லியும் விமானம் செய்தார். அவருக்கு ராணுவ இலாகா தந்தது 50,000 டாலர். 1903-ல் இருமுறை ஏவினார். இருமுறையும் ஆற்றிலே விழுந்தது. சகோதரர்கள் செலவிட்டதோ ஆயிரம் டாலருக்கும் குறைவு!

1903 டிசம்பர் 14. யார் முதலில் ஏறுவது? காசு சுண்டினார்கள். வென்றவர் அண்ணன், ஆனால் விமானம் எழும்பியதுமே விழுந்தது. பழுது பார்த்து, 17-ஆம் நாள் கிட்டி ஹாக் மணல்வெளியிலே தம்பி ஏறினார்: 12 வினாடி, 120 அடி. அன்றைய கடைசிப் பயணம் அண்ணனுடையது: 59 வினாடி, 852 அடி!

இருவரும் ஒன்றாகப் பறந்ததுண்டா? ஒரே ஒரு முறை, 1910-ல். விபத்து வந்தால் இருவரையும் சேர்த்து இழக்க நேருமே என்று அஞ்சிய தந்தை, அன்று மட்டும் அனுமதித்தார். விபத்து வரவில்லை, காய்ச்சல் வந்தது. 1912 மே 30. டைபாய்டு நோய்க்கு 45 வயது வில்பர் பலியானார்.

இரண்டாண்டு சென்றது. 1914-ல் லாங்லியின் பழைய விமானத்தை எடுத்தார்கள். சிறகிலும் சட்டத்திலும் பல மாற்றங்கள் செய்தார்கள். சிறிது தூரம் பறக்க விட்டார்கள். "பறக்கும் திறன் பெற்ற முதல் விமானம் இதுவே" என்று ஸ்மித்சோனியன் நிலையம் பறைசாற்றியது! லாங்லி அப்போது உயிருடன் இல்லை, பழி அவருடையதன்று. அவர் பெயரால் பிறர் ஆடிய ஆட்டம் அது.

ஆர்வில் என்ன செய்தார்? கல்லெறியவில்லை, கண்ணீர் வடித்து ஒதுங்கவுமில்லை. நடுநிலை விசாரணை கேட்டார்; கிடைக்கவில்லை. 1928-ல், முதன்முதல் பறந்த அந்த விமானத்தையே கடல் கடந்து லண்டன் அறிவியல் காட்சிசாலைக்கு அனுப்பிவிட்டார். தாய்நாட்டின் பெருமை அயல்நாட்டிலே! அதைவிடக் கூர்மையான கண்டனம் உண்டா?

1942-ல் நிலையம் பணிந்தது. செய்த மாற்றங்களை ஒன்றுவிடாமல் அச்சிட்டு, தவற்றை ஒப்புக்கொண்டது. 28 ஆண்டுகள் கழித்து! விமானம் தாயகம் திரும்ப ஆர்வில் இசைந்தார். ஆனால் அது வந்து சேர்ந்ததைக் காண அவர் இல்லை. 1948 ஜனவரி 30 — டில்லியிலே காந்தியார் சுடப்பட்ட அதே நாள் — ஆர்வில் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பர் 17, பறந்த நாளின் 45-ஆம் ஆண்டு நிறைவில், அண்ணனும் தம்பியும் செய்த விமானம் ஸ்மித்சோனியன் கூடத்திலேயே ஏற்றி வைக்கப்பட்டது!

எண்ணிப்பார், தோழா! முதலில் பறந்தவர் தம்பிதானே? "நானே முதல்வன்" என்று தனிப்புகழ் தேடியிருக்கலாம். தேடவில்லை. இருவர் உழைப்பு இருவர் பெயராலேயே நிற்கவேண்டும் என்று நின்றார்.

உன் பட்டறையிலும் ஒரு மூத்தவர் இருந்திருப்பார். உளி பிடிக்கக் கற்றுக் கொடுத்திருப்பார். சங்கக் கொடியை முதலில் நட்டிருப்பார். இன்று அவர் இல்லை. அவர் படத்துக்கு மாலை போடு. வேண்டாமென்று யார் சொன்னார்? ஆனால், அவர் செய்ததை வேறொருவர் தன் கணக்கிலே எழுதிக்கொள்ளும்போது வாய்மூடி நிற்காதே. உண்மையைச் சொல், ஆதாரத்தோடு சொல், ஆண்டுகள் ஆனாலும் அயராமல் சொல்.

மாலை மறுநாளே வாடும். காத்த பெயர் வாடாது!