முடக்குவாதம் மூச்சைத் தொடும்போது

முடக்குவாதம் மூட்டு நோய்தானே, நுரையீரலுக்கு அதில் என்ன வேலை? மூட்டைத் தாக்கும் அதே எதிர்ப்பாற்றல் சிலருக்கு நுரையீரலின் மென்திசுவையும் தாக்கித் தழும்பாக்கிவிடுகிறது. தழும்பேறிய இடத்தில் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் எளிதில் புகாது.

யாருக்கு இது வேகமாக முற்றும்? முதல் தடயம் சி.டி. ஸ்கேன். நுரையீரலின் அடிப்பகுதியில் தேன்கூடு போன்ற குழிகள் தெரிந்தால் கவலை அதிகம். ஆனால் ஒற்றைப் படத்தைவிட, சில மாத இடைவெளியில் திரும்பத் திரும்ப எடுக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையே அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. முழு மூச்சாக ஊதும் காற்றின் அளவு 10 சதவீதம் குறைந்தாலே ஆபத்து கூடுகிறது. வயதும் புகைப்பழக்கமும் கணக்கில் சேரும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் போன்ற தொழிற்பகுதியில் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: என்ன வேலை? வார்ப்பு, மணல்வீச்சு வேலைகளில் பறக்கும் சிலிக்கா தூசு முடக்குவாதம் வரும் வாய்ப்பையே கூட்டுகிறது. தூசும் வாதமும் சேர்ந்தால் நுரையீரலில் முடிச்சுகள் தோன்றுவதை வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் மருத்துவர் கேப்லன் கண்டு 1953-இல் எழுதினார்.

முடக்குவாதம் உள்ளவரா? வறட்டு இருமல் நீடித்தாலோ, படியேறும்போது மூச்சு வாங்கினாலோ காத்திருக்காதீர்கள். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியினருக்குத் தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக மருத்துவமனை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மருத்துவரிடம் உங்கள் வேலையையும் மறக்காமல் சொல்லுங்கள்.